அஞ்சு வாட்ஸ் போதும்: ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் வாங்கப் போறவங்களுக்கு

"நல்ல ஸ்டீரியோ ஒண்ணு வாங்கணும்டா, எத்தனை வாட்ஸ் பார்க்கட்டும்?"

ஜெர்மனிக்குப் படிக்க வர்ற நம்ம பசங்க கிட்டேருந்து, பார்ட் டைம் வேலையில முதல் சம்பளம் வந்த வாரத்துல தவறாம வர்ற கேள்வி இது. நாலஞ்சு பேருக்கு வாயாலேயே பதில் சொல்லி தொண்டை வத்திப் போச்சு. அதான் மொத்தமா ஒரு பதிவா போட்டு வெச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுட்டு வந்து படிங்க :-)

முதல் விஷயம், கேள்வியே தப்பு. வாட்ஸ்ங்கிறது ஆம்ப்ளிஃபயர் கொடுக்கிற மின்சாரத்தோட கணக்கு. காதுக்கு வர்ற சத்தத்தோட கணக்கு இல்லை. நம்ம ஊர் கடைகள்ல டப்பா ஸ்பீக்கர் மேல "1000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த பிஎம்பிஓ எண்ணுக்கு எந்தப் பொதுவான அளவுமுறையும் கிடையாது. ஒட்டுறவன் மனசு எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய நம்பர்.

கேட்க வேண்டிய கேள்வி இது: ஒரு வாட் கொடுத்தா, ஒரு மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல்? இதுக்குப் பேர் சென்சிடிவிட்டி. ஸ்பீக்கரோட மைலேஜ்னு வெச்சுக்கலாம்.

கோயில் குழாய் சொல்லும் பாடம்

ஆடி மாசம் எல்.ஆர்.ஈஸ்வரி அம்மன் பாட்டு ஊர் முழுக்கக் கேட்குதே, அந்தக் குழாய்க்குப் பின்னாடி ஆயிரக்கணக்கான வாட்ஸ் இருக்குன்னா நினைக்கிறீங்க? ஒரு குழாய்க்கு 30 வாட்ஸ் யூனிட் ஒண்ணு இருந்தாலே அக்ரஹாரத்துலேருந்து ஆத்தங்கரை வரைக்கும் கேட்கும். காவல்துறை அறிவிப்புகள்ல தடை வாங்குற அதே "கூம்பு வடிவ ஒலிபெருக்கி"தான் :-)

காரணம் அந்தக் கூம்பு. சின்ன டயஃப்ரம் தனியா அசைஞ்சா காத்தை அதால ஒழுங்கா பிடிச்சுத் தள்ள முடியாது. பெரும்பாலான சக்தி வீண். கூம்பு நடுவுல வந்து அந்தச் சின்ன அசைவைக் கொஞ்சம் கொஞ்சமா பெரிய பரப்புக்கு மாத்திக் கொடுக்குது. தூரத்துல போறவனைக் கூப்பிடறப்ப நாம கையை வாயைச் சுத்திக் குவிச்சுக்கிறோமே, அதேதான். இந்த வகைக் குழாய்கள்ல ஒரு வாட்டுக்கு 100 டெசிபலைத் தாண்டுறது சாதாரணம்.

வீட்டு ஸ்பீக்கர் நிலைமை பரிதாபம். ஒரு வாட்டுக்கு 92 டெசிபல் கொடுத்தா, உள்ளே போன மின்சாரத்துல ஒலியா மாறினது சுமார் 1 சதவீதம். 82 டெசிபல்னா 0.1 சதவீதம். கடையில கிடைக்கிற சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பலதும் 85-லேருந்து 88-க்குள்ள இருக்கும். அதாவது கொடுக்கிறதுல 99 சதவீதத்துக்கு மேல வெறும் சூடு.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

பயப்படாதீங்க, ரெண்டே விதி:

1. சத்தம் 3 டெசிபல் கூடணும்னா வாட்ஸ் இரண்டு மடங்கு வேணும்.
2. 10 டெசிபல் கூடணும்னா வாட்ஸ் 10 மடங்கு வேணும். காதுக்கு அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா மட்டும்தான் தெரியும்.

ஹாஸ்டல் ரூம்ல 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாட்டு கேட்கறோம். தூரத்துக்கு 6 டெசிபல் கழிச்சுக்கலாம் (சுவர் எதிரொலி இருக்கிறதால நிஜத்துல இன்னும் கம்மியாதான் குறையும்). ரெண்டு ஸ்பீக்கர் இருக்கறதால 3 கூட்டிக்கலாம். சராசரி 75 டெசிபல்னா நிம்மதியா கேட்கிற சத்தம். தவில் ஒரு அடி ஓங்கி விழறப்ப அது ஒரு கணம் 95 வரைக்கும் தாவலாம்.

87 டெசிபல் ஸ்பீக்கர்: சராசரிக்கு 0.13 வாட்ஸ், அந்தத் தாவலுக்கு 12.5 வாட்ஸ்.
95 டெசிபல் ஸ்பீக்கர்: சராசரிக்கு 0.02 வாட்ஸ், தாவலுக்கு 2 வாட்ஸ்.

ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படிங்க. ரெண்டே வாட்ஸ்! ஒத்தை இஎல் 84 வால்வு போட்ட பழைய ரேடியோவே 4-5 வாட்ஸ் கொடுக்கும். தலைப்புல சொன்ன அஞ்சு வாட்ஸ் இங்கேருந்து வந்ததுதான்.

ஃபுல்ரேஞ்ச்னா என்ன?

சாதாரண ஸ்பீக்கர் பெட்டியில கீழ் ஸ்வரத்துக்கு ஒரு வூஃபர், மேல் ஸ்வரத்துக்கு ஒரு ட்வீட்டர், ரெண்டுக்கும் பாகப்பிரிவினை பண்ண கிராஸ்ஓவர்னு ஒரு சர்க்யூட் இருக்கும். ஃபுல்ரேஞ்ச்ல ஒரே கூம்புத்தாள்தான், எல்லா வேலையும் அதுதான். ஜெர்மன்ல இதுக்கு "பிரைட்பேண்டர்"னு பேர். கடையில கேட்கறப்ப இந்த வார்த்தை உதவும்.

எதுக்கு இந்தக் கஷ்டம்? மனுஷக் குரலுக்காகத்தான். டூ-வே ஸ்பீக்கர்கள்ல பாகப்பிரிவினை நடக்கிற இடம் பெரும்பாலும் 2000-லேருந்து 3000 ஹெர்ட்ஸ். நம்ம காது ரொம்பக் கூர்மையா இருக்கிற பகுதி அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. இன்னொரு சமாச்சாரமும் அங்கேதான் நடக்குது. ல, ள, ழ மூணையும் நாம பிரிச்சு அறியறதுக்கு உதவுற குறிப்புகள்ல முக்கியமானவை சுமார் 1500-லேருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கு. ழகரம் சொல்ல நாக்கை மடிச்சா அந்தப் பகுதியில இருக்கிற ஒரு ஒத்ததிர்வு நல்லா கீழே இறங்கும். தமிழ்ப் பாட்டு கேட்கிறவனுக்கு ரொம்ப வேண்டப்பட்ட இடம் அது. அங்கே போய் தையல் போடாம ஒரே துணியா விடறதுதான் ஃபுல்ரேஞ்சோட பலம்.

நல்லா வடிவமைச்ச டூ-வேல அந்தத் தையல் தெரியவே தெரியாது, அதையும் நேர்மையா சொல்லிடணும். மலிவான டூ-வேலதான் பல்லிளிக்கும். ஆனா மாணவன் பட்ஜெட்ல வர்றது மலிவானதுதானே!

சும்மா கிடைக்குமா?

கிடைக்காது. 1954-ல எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து அமெரிக்காவுல அகூஸ்டிக் ரிசர்ச்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. சின்ன மூடிய பெட்டிக்குள்ளேருந்தே ஆழமான பேஸ் வரவழைச்சாங்க. உலகமே அசந்தது. ஆனா அதுக்கு விலையா சென்சிடிவிட்டி போச்சு. பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. பிறகு க்ளாஸ் 1957-ல கேஎல்எச் கம்பெனியை ஆரம்பிச்சப்ப கூட இருந்தவர் ஆண்டன் ஹாஃப்மன் (கேஎல்எச்-ல வர்ற 'எச்' இவர்தான்). அவர் பேரால இன்னைக்கும் ஒரு விதி சொல்றாங்க. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிடிவிட்டி: இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். மூணாவதைத் தியாகம் பண்ணியே ஆகணும்.

ஏன்னு சுருக்கமா பார்ப்போம். அசையிற பகுதியோட எடையைப் பாதியாக்கினா, மத்ததெல்லாம் அப்படியே இருந்தா, 6 டெசிபல் லாபம். அதனாலதான் நல்ல சென்சிடிவிட்டி இருக்கிற டிரைவர்ல தாள் பட்டம் மாதிரி மெல்லிசா இருக்கும், காந்தம் அம்மிக்கல்லு மாதிரி இருக்கும். ஆனா எடை குறைஞ்சா டிரைவரோட இயல்பான அதிர்வு எண் மேலே ஏறும், பேஸ் குறையும். போதாக்குறைக்கு, அதே சத்தத்தோட ஒரு ஸ்தாயி கீழே போகணும்னா தாள் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வரணும். இந்த மெல்லிசுத் தாளுக்கு அவ்வளவு தூரம் போற தெம்பு கிடையாது.

மேல் பக்கமும் ஒரு பிரச்சினை இருக்கு. ஒலியோட அலைநீளம் தாளோட விட்டத்தை விடச் சின்னதா ஆனா, சத்தம் டார்ச் லைட் மாதிரி நேரா மட்டும் போகும். 20 செ.மீ. டிரைவர்ல இது 1700 ஹெர்ட்ஸ் பக்கத்துலேயே ஆரம்பிச்சுடும். 10 செ.மீ.ன்னா 3400. அதனால பெரிய ஃபுல்ரேஞ்ச் வாங்கினா உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். பக்கத்துல உட்கார்ந்த நண்பனுக்கு "என்னடா மொக்கையா இருக்கு"ன்னுதான் தோணும். நடுவுல விஸ்ஸர்னு ஒரு குட்டிக் கூம்பு ஒட்டி மேல் ஸ்வரத்தை இழுத்துப் பிடிப்பாங்க. அது சரியா அமையலைன்னா 'ஸ', 'ஷ' எல்லாம் காதைக் கீறும்.

அட்டையில போட்ட நம்பரை நம்பலாமா?

பாதி நம்பலாம். ரெண்டு இடத்துல உஷாரா இருக்கணும்.

ஒண்ணு, 2.83 வோல்ட் தந்திரம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தா சரியா 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் கொடுத்தா 2 வாட். அட்டையில "2.83 வோல்ட்டுக்கு 91 டெசிபல்"னு இருந்து, ஸ்பீக்கர் 4 ஓம்னா, உண்மையில அது 88 தான்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். டிரைவரை அளக்கறப்ப பெரிய பலகையில பொருத்தி அளப்பாங்க. நம்ம வீட்டுப் பெட்டி 25 செ.மீ. அகலம்தான் இருக்கும். சுமார் 450 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி முன்பக்கம் மட்டும் நிக்காம பெட்டியைச் சுத்திப் பின்னாடியும் போயிடும். அதனால கீழ்ப் பகுதி 6 டெசிபல் வரைக்கும் மெலிஞ்சு போகும். குரல் சளி பிடிச்ச மாதிரி, டெலிபோன் மாதிரி கேட்கும். "ஃபுல்ரேஞ்ச் கத்துது"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் கேட்டது இதைத்தான். ஒரு காயிலும் ரெசிஸ்டரும் போட்டு மேல் பகுதியை அடக்கினா சமன் ஆகும். ஆனா அப்புறம் 95 டெசிபல் டிரைவர் 90 டெசிபல் ஸ்பீக்கரா ஆயிடும். ஆக, அட்டையில பார்த்த எண்ல நாலஞ்சைக் கழிச்சே கணக்குப் போடுங்க.

பைசா செலவில்லாத வழி, ஸ்பீக்கரைச் சுவர் ஓரமா தள்ளி வைக்கறது. பின்னாடி ஓடுற ஒலியைச் சுவரே திருப்பி அனுப்பும். ஹாஸ்டல் ரூம்ல வேற வழியும் இல்லை, இடம் அவ்வளவுதான் :-) மீதியைக் கம்ப்யூட்டர்ல ஈக்வலைசர் வெச்சு சரி பண்ணிக்கலாம்.

நீங்க கேட்கிற பாட்டு என்ன?

முடிவு இங்கேதான். டிரைவர் அட்டையைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க பாட்டு லிஸ்டைப் பாருங்க.

கர்நாடக சங்கீதம்: 1 கட்டை சுருதியில பாடற ஆண் குரலுக்கு நடு ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்த்ர பஞ்சமம் வரைக்கும் இறங்கினா 98. 5 கட்டையில பாடற பெண் குரலுக்கு ஸட்ஜம் 196, மந்த்ர பஞ்சமம் 147. 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் போற சின்ன ஃபுல்ரேஞ்சே குரலுக்குத் தாராளம். வயலின், புல்லாங்குழல் ரெண்டுமே இதுக்குள்ள அடங்கும். ஐம்பது, அறுபதுகளோட சினிமாப் பாட்டுக்கும் இதுதான் சரியான ஜோடி. அந்தப் பாட்டையெல்லாம் ஜனங்க அன்னைக்குக் கேட்டதே ஒத்தைக் கூம்பு போட்ட ரேடியோவுலதானே!

சிக்கல் எங்கேன்னா, இளையராஜா. பேஸ் கிட்டாரோட அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளோட ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் பக்கவாத்தியம் இல்லை, ரெண்டாவது பாடகர். அதை இழந்துட்டு ராஜா கேட்கறது ரசம் இல்லாத சாப்பாடு. ஒரு ஆறுதல் உண்டு. அடிஸ்வரம் வராட்டியும் அதோட 82, 123 ஹெர்ட்ஸ் மேல்ஸ்வரங்கள் காதுல விழுந்தா மூளையே அடிஸ்வரத்தை யூகிச்சுக்கும். ட்யூன் புரியும். நெஞ்சுல அதிராது. ரஹ்மானோட தொண்ணூறுகளுக்கு அப்புறம் வந்த பாட்டுகளுக்கு அந்த அதிர்வும் வேணும்னா, பின்னாடி ஒரு சப்வூஃபர் சேர்க்கணும். இல்லைன்னா ஃபுல்ரேஞ்ச் வேணாம், நல்ல டூ-வே வாங்கிக்கங்க. இதுல கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை.

இன்னொரு கோணமும் இருக்கு. சுவரைத் தாண்டிப் பக்கத்து ரூமுக்குப் போறது குரல் இல்லை, பேஸ். இங்கே ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் அமைதி நேரம். அப்புறம் கதவு தட்டுவாங்க, இல்லை சீட்டு ஒட்டுவாங்க. ஆழமான பேஸ் இல்லாத ஸ்பீக்கர் அந்த நேரத்துல குறை இல்லை, வரம். சென்சிடிவிட்டி நல்லா இருக்கிற ஃபுல்ரேஞ்ச் மெதுவா வெச்சாலும் குரல் தெளிவா நிக்கும்ங்கிறது என் காது அனுபவம்.

என்னென்ன கிடைக்குது?

சின்னது (8 - 10 செ.மீ.): ஜப்பான் ஃபாஸ்டெக்ஸோட எஃப்இ 103 குடும்பம் அறுபதுகள்லேருந்து வம்சாவளியா வருது. சுமார் 89 டெசிபல். அடிமட்ட அதிர்வு எண் 80 ஹெர்ட்ஸ் பக்கம். முதல் ஜோடிக்கு நான் கை காட்டறது இந்த ரகம்தான். மார்க் ஆடியோ டிரைவர்கள் பேஸ்ல இன்னும் இறங்கும், ஆனா சென்சிடிவிட்டி குறைவு. ஜெர்மனிக்காரங்களோட விசாட்டன் பல அளவுல ஃபுல்ரேஞ்ச் பண்றாங்க, அளவு விவரங்களையும் முழுசா வெளியிடறாங்க.

பெரியது (16 - 20 செ.மீ.): ஃபாஸ்டெக்ஸ் எஃப்இ 206 வகை சுமார் 96 டெசிபல். இங்கிலாந்தோட லௌதர் இந்த உலகத்துப் பழைய ஜமீன், விலையும் ஜமீன் விலை. இவை ரெண்டுக்குமே பின்பக்கம் மடிச்சு வெச்ச கூம்பு உள்ள பெட்டி வேணும். பெட்டி பீரோ சைஸ்ல வரும். பிஎச்டி முடிச்சு வீடு வாங்கினப்புறம் யோசிக்கலாம்.

பழையது: ஜெர்மனியில இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு அதிர்ஷ்டம். கறுப்புக் காட்டுல வில்லிங்கன் ஊர்ல சாபா கம்பெனி ஐம்பதுகள்ல பண்ணின வால்வு ரேடியோக்கள்ல பச்சைத் தாள் போட்ட ஸ்பீக்கர் இருக்கும். "க்ரீன்கோன்"னு உலகம் பூரா தேடுறாங்க. வால்வு கொடுக்கிற சில வாட்ஸை நம்பிப் பண்ணினதால எடை குறைஞ்ச தாள், நல்ல சென்சிடிவிட்டி. ஞாயித்துக்கிழமை பழைய பொருள் சந்தையில ரேடியோவோட சேர்த்தே கிடைக்கும். வாங்கறப்ப தாளை ரெண்டு பக்கமும் விரலால மெதுவா அமுக்கிப் பாருங்க, உள்ளே உரசக் கூடாது. ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும். முக்கியமா, பல வருஷமா சும்மா கிடந்த வால்வு ரேடியோவை அப்படியே ப்ளக்ல சொருகாதீங்க. உள்ளே இருக்கிற பழைய கெபாசிட்டர்களும் நூத்துக்கணக்கான வோல்ட்டும் விளையாட்டு சமாச்சாரம் இல்லை.

பெட்டி: டிரைவர் விவரத்துல க்யூடிஎஸ்னு ஒரு எண் இருக்கும். 0.2 பக்கம்னா பின்கூம்புப் பெட்டி. 0.3 - 0.4 பக்கம்னா ஓட்டை வெச்ச ரிஃப்ளெக்ஸ் பெட்டி. 0.5-க்கு மேலன்னா மூடிய பெட்டி, இன்னும் மேலே போனா வெறும் பலகை. இது தோராயம்தான், ஆனா தப்பான டிரைவரை ஆரம்பத்துலேயே கழிச்சுக் கட்ட உதவும்.

ஆம்ப்ளிஃபயர்: வாட்ஸை மறந்துடுங்க, இரைச்சலைப் பாருங்க. 86 டெசிபல் ஸ்பீக்கர்ல கேட்காத "ஸ்ஸ்ஸ்" இரைச்சல் 96 டெசிபல்ல 10 டெசிபல் கூடி நல்லாவே கேட்கும். பாட்டே போடாம வால்யூமை வழக்கமான இடத்துல வெச்சு, ஒரு மீட்டர் தள்ளி நின்னு கேளுங்க. கப்சிப்னு இருந்தா வாங்கலாம். சின்ன டி-க்ளாஸ் ஆம்ப் போதும். வால்வு ஆசை இருக்கிறவங்க ஒத்தை இஎல் 84 ஆம்ப்ளிஃபயரே போதும்னு இருக்கலாம்.

கடைக்குப் போறப்ப

மூணு பாட்டு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு வெறும் குரல். ரெண்டாவது, நாகஸ்வரம் தவில், கொஞ்சம் சத்தமா. கத்துற டிரைவர் இங்கே மாட்டிக்கும். மூணாவது, பேஸ் கிட்டார் நடக்கிற ராஜா பாட்டு. முதல் ரெண்டுல பாஸ், மூணாவதுல பார்டர் பாஸ்னா அது நல்ல ஃபுல்ரேஞ்ச். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்னு ஒரு தடவை, ஓரமா போய் ஒரு தடவை கேளுங்க. அரை மணி நேரமாவது கேளுங்க. அஞ்சு நிமிஷத்துல அசத்துறது அரை மணியில தலைவலியா மாறலாம்.

என் ரூம்ல இப்ப இருக்கறது 10 செ.மீ. ஃபுல்ரேஞ்ச் ஜோடி, சுவரோரம், பின்னாடி சின்ன டி-க்ளாஸ் ஆம்ப். நடுராத்திரி அசைன்மென்ட் எழுதறப்ப, பக்கத்து ரூம்காரன் தூக்கம் கெடாம, பாடற ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த மாதிரி இருக்கு. பேஸ் வேணும்ங்கிற அன்னைக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கிறேன்.

உங்க வீட்டுல என்ன ஸ்பீக்கர், அதுல எந்தப் பாட்டு நல்லா கேட்குதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: "அப்ப 1000 வாட்ஸ் பிஎம்பிஓ வெச்சிருக்கிறவன் என்ன பண்றது?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: ஸ்டிக்கரை மட்டும் கிழிச்சுட்டு பாட்டைக் கேளுங்க, ஒண்ணும் குறையாது :-)